அப்படி யாரும் இங்கே இல்லீங்க

செம்மநத்தம்
9.2.2025

அன்புத் தம்பி சிவக்குமாருக்கு,

அக்கா சுஜாதா எழுதுகிறேன். நானும் கீர்த்தனாவும் சுகம். உன் மாமாவுக்கு எஸ்டேட்டில் மிளகுத் தூசி ஏறி இருமல், வேறொன்றுமில்லை. உன் உடம்பு எப்படி? ஓசூர் மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உன் போன் ரிப்பேருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அப்படி என்னடா ரிப்பேர்? சரி, உட்கார்ந்துகொண்டு மேலே படி.

நான் கார் வாங்கப் போகிறேன்!

புதுசு இல்லை, பழசு. ஏற்காடு ஒண்டிக்கடையில் மளிகைக் கடை வைத்திருக்கிறாரே பஷீர் அகமது பாய், அவர் வண்டி. வெள்ளை ஈகோ, ஏழு சீட்டு, 2017 மாடல், மஞ்சள் போர்டு. அவர் மகன் ஆரிப் அதில்தான் டூரிஸ்டுகளை ஏரிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது பெரிய வண்டி எடுத்துவிட்டதால் இதைக் கொடுக்கிறார்கள். ஹாரன் மட்டும் கொஞ்சம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது. எனக்கு அதுவும் பிடித்துவிட்டது.

போன வருஷம் நான் லைசென்ஸ் எடுத்தபோது எல்லோரும் சிரித்தீர்களே, இப்போது சிரியுங்கள். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் ஏற்காட்டுக்குப் படிக்கப் போகிறார்கள். காலைப் பஸ்ஸை விட்டால் நடை, இல்லாவிட்டால் லீவு. கீர்த்தனா மட்டும் இந்த வருஷம் பதினேழு நாள் லீவு. "இப்படியே போனா ஜூன்ல சேலத்து ஹாஸ்டல்ல சேர்த்துப்போடுவேன்" என்று உன் மாமா சொல்லிவிட்டார். பிள்ளையை அனுப்பிவிட்டு நான் இந்த வீட்டில் என்ன செய்வேன்? அப்போதுதான் இந்த யோசனை வந்தது. ஒரு நடைக்கு ஆறு பிள்ளைகள், இரண்டு நடை. தலைக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு தர எல்லா வீட்டிலும் சம்மதம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

விலை மூன்று லட்சத்துப் பத்தாயிரம். மகளிர் குழுச் சேமிப்பும் மிளகுப் பணமுமாக என்னிடம் ஒரு லட்சம் இருக்கிறது. மீதிக்குக் கடன். நீ பைக் எடுத்தாயே, அந்தக் கம்பெனி எப்படி? ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான், ஆனால் பேர்கூட மறந்துவிட்டது. நல்லபடியாக நடந்துகொண்டார்களா? அங்கேயே கேட்கட்டுமா?

உடனே பதில் போடு.

உன் அக்கா
சுஜாதா

*

மேற்பார்வை: அண்ணாதுரை மெஸ், ஓசூர்
18.2.2025

அன்பு அக்காவுக்கு,

சிவா எழுதுவது. நான் சுகம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மாமாவின் இருமலுக்கு மிளகுக் கஷாயமே வைத்துக் கொடு. தூசியால் வந்ததைத் தூளால் விரட்டலாம்.

அக்கா, கடிதத்தை மெஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். "எங்கக்கா கார் வாங்குது" என்று சொன்னதும் அண்ணாதுரை அண்ணன் ஒரு வடை இனாமாகக் கொடுத்தார்.

வண்டியை விடியற்காலையில் போய்ப் பார். இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஒரே சாவியில் பிடிக்க வேண்டும். கால் மிதியைத் தூக்கி அடித்தகட்டைப் பார். நம் மலைப் பனிக்கு அங்கேதான் முதலில் துருப் பிடிக்கும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு, பிரேக்கைத் தொட்டுப் பார். ஒரு பக்கம் இழுத்தால் விலையைக் குறை.

கடன் விஷயம். "ஃபிளாட் வட்டி பத்துதான்" என்று இனிக்க இனிக்கச் சொல்வார்கள். நீ அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் கடனுக்கே கடைசி வரை வட்டி போடுவார்கள். கணக்குப் பார்த்தால் பதினெட்டுக்கு வந்து நிற்கும். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடுகிற இடமாகப் பார். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்றும் கேள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே.

வண்டி போட்டோ ஒன்று அனுப்பு. கீர்த்தனாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி
சிவா

*

செம்மநத்தம்
6.3.2025

கண்ணு சிவாவுக்கு,

மாமாவின் இருமல் நின்றுவிட்டது. எல்லோரும் நலம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பப் பார்க்கிறேன், ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. கோழி சீய்த்த மாதிரி இருக்கிறதே, ஏன்? பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் நீ.

வண்டி நீ சொன்ன பரீட்சையெல்லாம் பாஸ். ஆனால் நான் கேட்டதற்கு மட்டும் உன் கடிதத்தில் பதிலே இல்லை. பைக் கம்பெனி எப்படி? கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்கிறாயே. போகட்டும், நானே சேலத்தில் வேறு ஒரு ஃபைனான்ஸில் மனுப் போட்டேன். அது என்ன ஆயிற்று என்று கேள். சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை.

விலாசம் சரிதானா என்று விசாரிக்க ஒரு ஆளை அனுப்பினார்கள். சட்டையை உள்ளே விட்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நான் ஆரிப்போடு வண்டி ஓட்டிப் பழகப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவிடம் "சுஜாதாங்கறவங்க ஊடு எதுங்க?" என்று கேட்டிருக்கிறான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுஜாதாவா? அப்படி யாரும் இங்கே இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறது. அடுத்த வீட்டில், "அவங்க காட்டை வித்துப்போட்டுப் போயி நொம்ப நாளாச்சுங்க." ரோட்டில் விளையாடிக்கொண்டிருந்த கீர்த்தனாவிடம் "உங்கம்மா பேரு என்ன பாப்பா?" என்று கேட்டதற்கு இந்தக் கழுதை என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு அம்மாவே இல்லீங்க!"

விலாசத்தில் ஆள் இல்லை என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

நான் ராசாத்தி அக்காவிடம் சண்டைக்குப் போனேன். அது கூலாகச் சொல்கிறது: "ஏங்கண்ணு, பை மாட்டிக்கிட்டு வர்றவன் கடனைக் கேக்கத்தானே வருவான்? போன வருசம் உன் தம்பியைத் தேடி ஒருத்தன் வந்தான். அப்படி யாரும் இல்லீன்னு சொன்னோம், போயிட்டான். நல்லாத்தானே வேலை செஞ்சுது!"

உன்னை யாரடா தேடி வந்தது?

மற்றபடி எனக்கு உற்சாகம் குறையவில்லை. ஊருக்கே பாடம் எடுக்கப் போகிறேன்.

அக்கா
சுஜாதா

*

ஓசூர்
15.3.2025

அன்பு அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் வேண்டும்.

கீர்த்தனா சொன்னதைப் படித்து லேத்தில் நின்றபடியே சிரித்தேன். என்னைத் தேடி யாரும் வந்திருக்க மாட்டார்கள். சிவக்குமார் என்று மலையில் எத்தனை பேர்! கையெழுத்து, வேலைக் களைப்பில் அப்படி வருகிறது.

வேறு கம்பெனியில் கேட்பதென்றால் கொஞ்சம் பொறு அக்கா. அவசரப்பட வேண்டாம். மே வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமே. பாய் அதுவரை வண்டியை வைத்திருக்க மாட்டாரா?

தம்பி
சிவா

*

செம்மநத்தம்
27.3.2025

அன்புள்ள சிவாவுக்கு,

அக்காவின் ஆசி. இங்கே சுகம். இரண்டு மழை பெய்து காப்பிப் பூ பூத்துவிட்டது. வீட்டுக்குள் சோறு பொங்கினால்கூடப் பூ வாசனைதான் வருகிறது. நீ போன தடவை ஏழே வரி எழுதினாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

மேயாவது பொறுப்பதாவது! பாயிடம் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மே இருபது வரை வண்டியை யாருக்கும் காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இன்னொரு கம்பெனியில் மனுவும் போட்டாயிற்று.

ஊர்க் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்று சொன்னேன். "இனிமே என்னைக் கேட்டு யார் வந்தாலும், பை மாட்டியிருந்தாலும் மாட்டாட்டியும், நேரா என் ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றேன். ராசாத்தி அக்கா, "நாலு என்ன, நாப்பது சொல்றோம்" என்றது. கீர்த்தனாவுக்குத் தனிப் பாடம். அம்மா இருக்கிறாள், பேர் சுஜாதா என்று பத்து தடவை சொல்ல வைத்தேன்.

வண்டியின் முன் சீட்டு யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் இப்போதே அடிதடி. நான்கூட ராத்திரித் தூக்கத்தில் கியர் போடுகிறேனாம், உன் மாமா விலகிப் படுக்கிறார்.

அக்கா
சுஜாதா

*

செம்மநத்தம்
5.4.2025

சிவா,

நாங்கள் உயிரோடிருக்கிறோம். நீயும் இரு.

முந்தாநாள் பை மாட்டிய ஆள் ஒருவன் வந்தான். ராசாத்தி அக்கா பஸ் நிற்கிற இடத்திலேயே பிடித்துவிட்டது. "சுஜாதாவைத் தானுங்களே? வாங்க வாங்க!" பின்னால் பதினைந்து பேர், சின்னப் பிள்ளைகள் வேறு. கோயில் காளையை அழைத்து வருகிற மாதிரி என் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தர் பலாச்சுளை கொடுத்தார், ஒருத்தர் டீ கொடுத்தார். "நொம்ப நாணயமான பொண்ணுங்க", "மாசம் பதினெட்டாயிரம் வரப்போவுதுங்க", "காரே வாங்குதுங்க!" கீர்த்தனா ஓடிவந்து, "எங்கம்மா இருக்காங்க, பேரு சுஜாதாங்க" என்று கத்தினாள். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீயைக் குடித்து முடித்துவிட்டு அவன் சொன்னான்: "காரே வாங்கற வசதி இருக்குதுங்களே. உங்க தம்பி பைக் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கீங்க. பதினோரு தவணைதான் கட்டியிருக்காருங்க. நாப்பத்தோராயிரத்து அறுநூறு பாக்கி. எப்பக் கட்டறீங்க?"

அத்தனை பேர் நின்றார்கள், சிவா.

நான் மனுப் போட்ட புதுக் கம்பெனியும் அதே நாளில் போன் செய்தது. உன் பாக்கி என் சிபிலில், அதான் என் கடன் கணக்குப் பதிவில், ஏறியிருக்கிறதாம். அது தீர்கிற வரை எனக்கு எங்கேயும் கடன் கிடையாதாம்.

உன் போனுக்கு என்ன ரிப்பேர் என்று இப்போது தெரிந்தது. மெஸ் விலாசம் ஏன் என்றும் தெரிந்தது. நான் ஆசை ஆசையாகக் கார் கார் என்று எழுதிக்கொண்டிருந்தபோது நீ அதைப் படித்துக்கொண்டு எப்படியடா இருந்தாய்?

சுஜாதா

*

செம்மநத்தம்
24.4.2025

சிவா,

நலமா? கடிதம் கிடைத்ததா? திட்டினால் திட்டியது. சாப்பிடாமல் இருக்காதே. ஒரு வரி எழுது.

அக்கா

*

ஓசூர்
7.5.2025

அக்கா,

உன் கார்டு கிடைத்தது. கோபத்திலும் சாப்பிடச் சொல்லி எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது நலம்.

முதலிலிருந்து சொல்கிறேன். சேலத்துப் பட்டறையில் என் வலது கட்டை விரல் பிரஸ்ஸில் மாட்டி, நுனி போய்விட்டது. அதனால்தான் கையெழுத்து இப்படி. மூன்று மாதம் வேலையில்லை, சம்பளமில்லை. தவணை நின்றது. கேட்டுக் கேட்டுப் போன் வந்தது. நீ பார்த்தால் அழுவாய் என்று விரலை மறைத்தேன். விரலை மறைக்கக் கடனை மறைத்தேன். கடனை மறைக்கப் போனை அணைத்துவிட்டு ஓசூர் வந்தேன். பைக்கைக்கூட மெஸ்ஸுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். ஒரு நாள்கூட நிம்மதியாக ஓட்டவில்லை. உன் கடிதம் ஒவ்வொன்றிலும் கார் வந்து நிற்கும். எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வரும். எப்படி இருந்தாய் என்று கேட்டாய். அப்படித்தான் இருந்தேன்.

பைக்கை விற்றுவிட்டேன். முப்பத்திரண்டாயிரம். முதலாளியிடம் முன்பணம் பத்தாயிரம் வாங்கினேன். பைக்கை வாங்கின புரோக்கரையும் கூட்டிக்கொண்டு சேலத்து ஆபீஸுக்கு நேராகப் போய், "நான்தான் சிவக்குமார்" என்று சொன்னேன். வாட்ச்மேன் தடுப்பார் என்று நினைத்தேன், நாற்காலி போட்டார்கள். பாக்கி முழுவதும் தீர்ந்தது. ரசீதும் நிலுவையில்லைக் கடிதமும் இதோடு வைத்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் ஏற்காட்டுப் பஸ் நின்றிருந்தது. ஏறவில்லை அக்கா. மாமா முகத்தை எப்படிப் பார்ப்பது?

சிபிலில் மாற ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்றார்கள். உன் ஜூன் போய்விடும். கீர்த்தனா ஹாஸ்டலுக்குப் போனால் அது என்னால்தான். என்னை மன்னித்துவிடு.

சிவா

*

செம்மநத்தம்
12.5.2025

என் சாமி சிவாவுக்கு,

விரல் வலிக்கிறதா இப்போதும்? குளிரில் குத்துமே, தேங்காய் எண்ணெய் தடவு. கடனை மறைத்ததற்குக்கூடக் கோபம் தணிந்துவிட்டது. விரலை மறைத்ததற்கு நேரில் வந்ததும் நாலு சாத்துவேன். அழுதேன், ஆமாம். நீ நினைத்தது சரிதான்.

இப்போது கேள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கத்தான் உன் மாமாவோடு ஒண்டிக்கடைக்குப் போனேன். கோடைக் கூட்டம், கடையில் நிற்க இடமில்லை. பாயிடம் உன் பைக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சர்க்கரை மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "வட்டி வாங்கறதும் குடுக்கறதும் எங்களுக்கு ஆகாதுங்கம்மா. வியாபாரம் ஆகும். ரொக்கம்னா மூணு லட்சத்துப் பத்தாயிரம். தவணையில வேணும்னா விலையே மூணு லட்சத்து நாப்பதாயிரம். இன்னிக்குப் பேசினதுதான் விலை. ஒரு மாசம் தள்ளிப் போனாலும் ஒத்த ரூபா ஏறாதுங்க."

அங்கேயே காகிதப் பையில் கணக்குப் போட்டேன். என் ஒரு லட்சம் போக மீதி இரண்டு லட்சத்து நாற்பது. மாதம் பத்தாயிரம், இருபத்துநாலு தவணை. ஃபைனான்ஸ் வட்டியைவிடக் குறைவு. நான் ஒன்று கேட்டேன். "மே மாசம் பள்ளிக்கூடம் இருக்காதுங்களே பாய்?" அவர் சிரித்துவிட்டார். "மே மாசத்துக்குத் தவணை இல்லீங்கம்மா, போதுமா?" எந்தக் கம்பெனி இப்படிக் கொடுக்கும், சொல்லு! எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். உன் மாமா, "என் பேரை எழுதுங்க பாய்" என்றார். நான்தான் தடுத்து, உன் பேரைச் சொன்னேன். மாமா என்னை முறைத்தார். "ஜாமீன் கையெழுத்துன்னா என்னன்னு நம்ம குடும்பத்துல அவனைவிட யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். அப்புறம் மாமாவே, "விலாசத்தைச் சரியா எழுது" என்றார்.

இருபத்திரண்டாம் தேதி ஆரிப் சரக்கு எடுக்க ஓசூர் வருகிறான். மெஸ்ஸுக்கு வந்து உன்னைப் பார்த்துக் கையெழுத்து வாங்குவான். நீ இல்லையென்றால் வண்டியும் இல்லை. பாய் இருபதாம் தேதி வாக்கை இருபத்தைந்துக்குத் தள்ளி வைத்திருப்பது உனக்காகத்தான்.

அக்கா
சுஜாதா

*

ஓசூர்
23.5.2025

அன்பு அக்காவுக்கு,

நலம், ரொம்ப நலம். விரலும் வலிக்கவில்லை.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். காலையிலிருந்து மெஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் பசி தாங்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். இலையில் சாம்பார் ஊற்றின நேரம் பார்த்து ஆரிப் வந்து கல்லாவில் கேட்கிறான், "சிவக்குமார்னு ஒருத்தருங்க, லேத்துல வேலை..." தோளில் பை வேறு மாட்டியிருக்கிறான்!

அண்ணாதுரை அண்ணனுக்கு நான் இரண்டு வருஷம் முன்பு சொல்லி வைத்தது. மனுஷன் மறக்கவே இல்லை. என்னைக் கண்ணால்கூடப் பார்க்காமல், "சிவக்குமாரா? அப்படி யாரும் இங்கே இல்லீங்க" என்றார்.

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். என் கால் பழக்கத்தில் கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பியது. உட்கார்ந்திருந்தவன் எழுந்தும் விட்டேன். ஆரிப் "அப்படீங்களா" என்று சொல்லிப் படி இறங்கிவிட்டான். வண்டிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

எச்சில் கையோடு ஓடினேன். "ஆரிப்! நான்தான் சிவக்குமார்! செம்மநத்தம் சுஜாதா தம்பி!" ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாக என் பேரை இவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை. அண்ணாதுரை அண்ணன் கரண்டியோடு பின்னால் வந்து, "ஏஞ்சாமி, உன்னைக் காப்பாத்தலாம்னு பார்த்தா நீயே ஓடறயே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன். கோழி சீய்த்த மாதிரிதான் வந்தது. ஆரிப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டிக் கொடுத்தான். விலாசத்தில் மெஸ்ஸை எழுதவில்லை. நான் தங்கியிருக்கிற ரூமின் கதவு நம்பரை எழுதினேன்.

போனும் வாங்கிவிட்டேன். நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ராசாத்தி அக்காவிடமும் கொடு. யார் கேட்டு வந்தாலும் அந்த நம்பரைக் கொடுக்கச் சொல்.

உன் தம்பி
சிவா

*

செம்மநத்தம்
3.6.2025

கண்ணு சிவாவுக்கு,

எல்லோரும் சுகம். கீர்த்தனா ஹாஸ்டலுக்குப் போகவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து நேற்று பள்ளிக்கூடம் போனாள்!

முதல் நடை ஆறு பிள்ளைகள், இரண்டாவது நடை ஆறு பிள்ளைகள். ஒருத்தரும் லேட் இல்லை. வளைவில் எல்லாம் நீ சொன்ன மாதிரி இரண்டாவது கியர். ஆட்டுக்குட்டி ஹாரன் அடித்ததும் ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. உன் மாமா எஸ்டேட்டுக்குப் போகாமல் ரோட்டோரம் நின்று கை காட்டினார். நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன். பார்த்தால் கண் கலங்கும், பிறகு ரோடு தெரியாது.

சாயந்தரம் யாரோ ஒருத்தர் ராசாத்தி அக்காவிடம் என் வீட்டைக் கேட்டிருக்கிறார். அது என்னிடம் மூச்சிரைக்க ஓடிவந்து, "ஏங்கண்ணு, இப்ப இருக்குதுங்கறதா, இல்லீங்கறதா?" என்று கேட்டது. வந்தவர் தன் பையனுக்கு வண்டியில் சீட்டுக் கேட்டு வந்தவர்.

ஜூலை ஐந்து முதல் தவணை. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஒண்டிக்கடையில் இறங்கினால் போதும். அங்கிருந்து நான் கூட்டி வருகிறேன். மாமாவும் வரச் சொன்னார்.

நேற்று நீ கூப்பிட்டு, வீட்டில் என் போன் ஏழு தடவை அடித்ததாம். எடுக்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. காலையில் ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். அக்கா வண்டியில் இருப்பாள்.

சுஜாதா